வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்களும் நமது கடமையும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பெரிய மருத்துவமனைகளே. திருவேற்காட்டிலிருந்து எத்திசையில் சென்றாலும் அவற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் ஒரு சமுதாயத்தின் ஆரோக்கியம் அங்கே தொடங்குவதில்லை. வீட்டு வாசலில் தொடங்குகிறது. தோளில் ஒரு பை, கையில் ஒரு பதிவேடு, வெயிலானாலும் மழையானாலும் தெருத்தெருவாக நடை. இவ்வாறு நம் வாசலுக்கு வரும் செவிலியர்களையும் தன்னார்வலர்களையும் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

1978 ஆம் ஆண்டு, அன்றைய சோவியத் நாட்டின் அல்மா-ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, 2000 ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்ற இலக்கை அறிவித்தன. மருத்துவர்கள் மட்டுமல்லாது, மக்களிடையே வாழும் சுகாதாரப் பணியாளர்களும் சேர்ந்தே அந்த இலக்கை அடைய முடியும் என்பதை அம்மாநாடு ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆஷா பணியாளர்களின் தொண்டினை உலக சுகாதார நிறுவனம் 2022 ஆம் ஆண்டு விருதளித்துப் பாராட்டியது.

நமது மாநிலத்தில் இப்பணியின் முதுகெலும்பாக விளங்குபவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். சமவெளிப் பகுதிகளில் ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வதும், இரத்தசோகையைக் கண்டறிவதும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாளை நினைவூட்டுவதும் அவர்களது அன்றாடப் பணி. தமிழகத்தில் 2001-03 காலத்தில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 134 தாய்மார்கள் மரணமடைந்தனர். 2018-20 காலத்தில் அவ்வெண்ணிக்கை 54 ஆகக் குறைந்தது. மருத்துவமனைப் பிரசவங்களும் 108 அவசர ஊர்தியும் இதற்குக் காரணங்களே. எனினும், அந்தத் தாயை உரிய காலத்தில் மருத்துவமனைக்குச் செல்லத் தூண்டியவர் பெரும்பாலும் அவள் வாசலுக்கு வந்த செவிலியரே.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் இல்லம் தேடி வருகின்றன. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இதற்காக வீடு வீடாகச் செல்கின்றனர்.

அன்பர்களே! இவர்கள் கொண்டுவரும் மருந்து, மக்களின் நம்பிக்கை இருந்தால்தான் வேலை செய்யும். இதற்கு இரண்டு சான்றுகளைக் கூறுவோம்.

போலியோ ஒழிப்புப் பணியில் உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்கள் நெடுங்காலம் பின்தங்கி நின்றன. சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் பரவியிருந்தது. சாக்கடையைச் சீர் செய்ய வராதவர்கள் சொட்டு மருந்துக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்ற ஐயமும் மக்களிடம் இருந்தது. அந்த ஐயத்தை அதட்டல் நீக்கவில்லை. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களே பணியாளர்களாக வீடு வீடாகச் சென்றனர். உலமாக்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் அறிவித்தனர். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணை நின்றன. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவான நோயாளியே இந்தியாவின் இறுதி இயற்கை போலியோ நோயாளி. 2014 மார்ச் 27 அன்று நமது நாடு போலியோ இல்லாத நாடாகச் சான்று பெற்றது. அண்டை நாடான பாகிஸ்தானிலோ, சொட்டு மருந்து வழங்கச் சென்ற பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமையும் நிகழ்ந்தது. அங்கு அந்நோய் இன்னும் ஒழியவில்லை.

உத்தரப் பிரதேசம் தொலைவில் உள்ளது என்று நாம் எண்ணிவிட வேண்டாம். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். முகாமை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க நேர்ந்தது. படித்தவர்கள் நிறைந்த நம் மாநிலத்திலேயே இந்நிலை.

நம் பகுதியைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சென்னையின் மேற்கு எல்லை விரிய விரிய, வாடகை வீடு தேடி இங்கு வந்து சேரும் குடும்பங்கள் பெருகுகின்றன. கட்டடப் பணிக்காக வெளிமாநிலத்தவரும் வருகின்றனர். ஆறு மாதத்தில் வீடு மாறும் குடும்பம் செவிலியரின் பதிவேட்டிலிருந்து எளிதில் விடுபட்டுவிடும். பெரிய மருத்துவமனைக்கு அருகிலேயே வாழ்ந்தும் மருத்துவம் எட்டாதவர்கள் இவர்களே. ஆனால் மஹல்லாவுக்குள் புதிதாக யார் குடியேறினார் என்பதை நமது ஜமாஅத் அறியும்.

ஆகவே, மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவதாக, புதிதாகக் குடியேறிய குடும்பங்களில் கர்ப்பிணிகளோ கைக்குழந்தைகளோ இருப்பின், அவர்களது சம்மதத்துடன் செவிலியருக்குத் தகவல் தருவோம்; அக்குடும்பம் எச்சமயத்தவராயினும் சரியே. இரண்டாவதாக, மருத்துவ முகாம்களுக்குப் பள்ளிவாசல் வளாகத்தில் இடமளிப்போம். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியில் அமைந்த கூடாரத்திலேயே சிகிச்சை அளிக்கப்பட்டது என்பதும், சிகிச்சை அளித்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி என்பதும் வரலாறு. மூன்றாவதாக, வாசலுக்கு வருபவரை மதிப்போம். 'பிறகு வாருங்கள்' என்று கதவை அடைக்காமல் அமரச் சொல்வோம்; குடிக்கத் தண்ணீர் தருவோம்; ஐயமிருந்தால் அவரிடமே கேட்டுத் தெளிவோம்.

இப்பணியாளர்களில் பலர் நிலையான ஊதியமின்றி ஊக்கத்தொகையை மட்டுமே நம்பி உழைக்கும் பெண்கள். அவர்கள் முறையான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கோரும்போது அக்கோரிக்கையில் நியாயம் உண்டு என்பதை நாமும் உரத்துச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் உயிர் காக்க நடக்கும் கால்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

நோயுற்றோர் அனைவருக்கும் நலத்தையும், அவர்களுக்குத் தொண்டாற்றுவோருக்கு நற்கூலியையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.