கூறை தெரிதல்



நம் திருமணங்களிலே கூறைச்சேலை மணமகன் வீட்டார் கொடுப்பது. சபையிலுள்ள பெரியோர் அதனைத் தொட்டு ஆசி கூறியபின், மணமகள் உடுத்திவந்து தாலி ஏற்கின்றாள். அந்த ஆசியே அதற்குப் பெருமை.

நாமோ கடையிலே சரிகையின் கனத்தைப் பார்க்கின்றோம். உண்மைச் சரிகை பொன்முலாம் பூசிய வெள்ளியிழை. செம்பிழையிலும் போலிச் சரிகை உண்டு. விலையை மட்டும் நம்பி ஏமாறுகின்றோம். உடுப்பவளின் விருப்பத்தையோ கேட்பதில்லை.

கடன்பட்டு வாங்கிய கூறை ஒருநாள் மினுங்கிப் பெட்டகத்தில் உறங்கும், கடன் உறங்காது. அதனை அடைப்பவளும் அப்பெண்ணே.

ஆதலின் வாலிபரே, கடைக்குச் செல்லுமுன் கையிருப்பை எண்ணுவோம், மணமகளைக் கேட்போம். திருவிழாத்தோறும் அவள் மகிழ்ந்து உடுத்துக் கோயிலுக்கு வரும் சேலையே நற்கூறை.