ஊசி முனையும் பெயர்ச் சீட்டும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இயலும் இசையும் நாடகமும் இடம் பெறுதல் மரபு. பரதநாட்டியத்திற்கும் பரிசளிப்புக்கும் நடுவே ஊசியைக் காட்டி அவையோரை அச்சுறுத்தலாமா என்று முதலில் தயங்கினோம். ஆயினும் தாராவியிலும் செம்பூரிலும் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்று தேறிய பிள்ளைகள் பலர், "லேப் வேலை கற்றுக்கொள்ளலாமா?" என்று எங்களிடம் வந்து கேட்கின்றனர். அவர்களைப் பெற்றவர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றீர்கள். உங்களுக்கு விடை கூறவே இந்த அழைப்பை ஏற்றோம்.

"ஊசி குத்தத் தெரிந்தால் போதுமாமே, சில வாரங்களில் வந்துவிடும் என்கிறார்களே?" என்பதே பெற்றோர் கேட்கும் முதல் வினா. இரத்தம் எடுத்தல் கைப்பழக்கம். நல்ல ஆசானிடம் நின்று பழகினால் வந்துவிடும். முழங்கைக்கு மேலே நான்கு விரற்கடை தள்ளி ரப்பர்ப் பட்டையைக் கட்டிக் குழாயைத் தேடுகிறோம். பேச்சில் அதனை நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். அது நரம்பன்று, சிரை என்னும் இரத்தக் குழாய். அதனைக் கண்ணால் தேடுபவன் கற்றுக்குட்டி. விரல் நுனியால் தடவித் தேடுபவனே தேர்ந்தவன். பட்டையை ஒரு நிமிடத்திற்கு மேல் கட்டி வைத்தல் ஆகாது. இரத்தம் தேங்கி நீர்ப்பகுதி வெளியே கசிய, அளவுகள் சில உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும்.

குழாய்களின் வண்ண மூடிகளுக்கும் ஒரு வரிசை உண்டு. நீல மூடி முன்னே, சிவப்பு அதன் பின்னே, ஊதா அதற்கும் பின்னே வருதல் வேண்டும். காரணம் அறியாமல் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்பவர், கூட்டம் மிகுந்த நாளில் அதனை மறப்பது திண்ணம். ஊதா மூடிக் குழாயில், இரத்தம் உறையாதிருக்க இ.டி.டி.ஏ. என்னும் பொட்டாசிய உப்பு இடப்பட்டிருக்கிறது. அதில் ஒரு துளி ஊசி வழியே அடுத்த குழாயிற் சேர்ந்தால், நோயாளியின் பொட்டாசியம் ஏறியதாகவும் கால்சியம் இறங்கியதாகவும் விடை வரும். நல்ல நிலையில் இருக்கும் இதயத்திற்கு மருத்துவர் வைத்தியம் செய்யத் தொடங்கிவிடுவார். ஊதா மூடிக் குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். தயிர் கடைவது போலக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

இவையெல்லாம் பழகினால் வந்துவிடும். எளிதில் வாராதது ஒன்றுண்டு; அதுவே பெயர்ச் சீட்டு.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். இந்நகரத்துப் படிவங்களோ பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்களை நீட்டுகின்றன. எழுதுபவர் ஒருவர் தந்தை பெயரைக் கடைசிக் கட்டத்தில் இடுவார். மற்றொருவர் ஊர்ப் பெயரை இடுவார். ஒரே முருகன் ஒரு சீட்டில் முருகன் மாரியப்பனாகவும் மறு சீட்டில் மாரியப்பன் முருகனாகவும் ஆகிவிடுகிறான்.

பல ஆண்டுகட்கு முன்னர், நாங்கள் பணியாற்றிய சிறு பரிசோதனைக்கூடம் ஒன்றில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஒரே பெயருடைய தாய்மார் இருவர் ஒரு காலையில் வந்திருந்தனர். வேலை விரைவாக முடியட்டும் என்று குழாய்களில் முன்கூட்டியே சீட்டை ஒட்டி வைத்திருந்தோம். மாலையில் ஒருவருக்குச் சர்க்கரை மிக அதிகம் என்றும், மற்றவருக்குக் குறையேதும் இல்லை என்றும் அறிக்கை சென்றது. மருத்துவர் ஐயுற்று முதலாமவரை மீண்டும் அனுப்பிய பின்னரே குழாய்கள் மாறிய செய்தி வெளிப்பட்டது. நோயுள்ள தாயோ, "ஒன்றுமில்லை" என்ற தாளுடன் வீடு சென்றுவிட்டார். முகவரியில் "90 அடிச் சாலை, தாராவி" என்பதன்றி வேறொன்றும் இல்லை. இரண்டு நாள் சந்து சந்தாக அலைந்து, மூன்றாம் நாள் அவரைக் கண்டோம். அவர் சினம் கொள்ளவில்லை. "பேரு ஒண்ணுதானே தம்பி, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று எங்களுக்குத் தேநீர் தந்தார். அந்தத் தேநீரை விழுங்க எங்களால் இயலவில்லை. அன்று முதல், இரத்தம் எடுத்த பிறகு, நோயாளியின் கண்ணெதிரிலேயே சீட்டை ஒட்டுகிறோம். "நீங்கள்தான் பொன்னம்மாவா?" என்று கேட்பதில்லை, காது மந்தமான பாட்டி எதற்கும் தலையசைப்பார். "உங்கள் பெயர் என்ன அம்மா? வயது என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறோம்.

சிறு தவறு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு நம் பரேலிலேயே ஒரு வரலாறு உண்டு. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியபோது, ஹாஃப்கின் என்னும் அறிஞர் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசி மருந்தை ஆக்கி, 1897 ஜனவரி 10ஆம் நாள் தம் உடலிலேயே முதலிற் செலுத்திக்கொண்டார். 1902இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் அம்மருந்தைப் பெற்றவர்களுள் பத்தொன்பது பேர் வில்வாத சன்னியால் மாண்டனர். பழி பம்பாய் ஆய்வுக்கூடத்தின் மீதும் ஹாஃப்கின் மீதும் விழுந்தது. பின்னர் வெளிப்பட்டது யாது? அவ்வூரில் குப்பியைத் திறந்த உதவியாளர், தரையில் விழுந்த இடுக்கியைச் சரிவரத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தியிருந்தார். 1907இல்தான் ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்கியது. பரேல் ஆய்வுக்கூடம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அந்த உதவியாளரின் இடத்தில்தான் நம் பிள்ளைகள் நாளை நிற்கப் போகின்றார்கள்.

மற்றொன்றையும் இந்நகரம் உலகிற்குத் தந்தது. 1952இல் மருத்துவர் பெண்டேயும் உடனிருந்தோரும் இங்கே ஒரு புதிய இரத்தப் பிரிவைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஏ, பி என்னும் பொருள்கள் எச் என்னும் அடித்தளத்தின் மீது எழுபவை. ஓ பிரிவினருக்கு அவ்வடித்தளம் மட்டும் உண்டு. இப்புதிய பிரிவினருக்கோ அடித்தளமே இல்லை. வழக்கமான மருந்துத் துளிகளை இட்டுப் பார்த்தால் இவர்களுடைய இரத்தம் திரளாது. பார்ப்பவர் "ஓ" என்று எழுதிவிடுவார். அதனை நம்பி ஓ இரத்தத்தைச் செலுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம். இவர்களுடைய இரத்தத் தெளிநீரை, பிரிவு தெரிந்த ஓ அணுக்களுடன் சேர்த்துப் பார்த்தால் உண்மை உடனே வெளிப்படும், அணுக்கள் திரண்டுவிடும். இத்தகையோர் நம் நாட்டில் சுமார் 10,000 பேருக்கு ஒருவரே. சோதனையின் பிற்பாதியைச் சோம்பலால் விடுபவன் பல ஆண்டுகள் தப்பிவிடுவான். ஒரு நாள் தப்பமாட்டான். 1995இல் நகரின் பெயர் மும்பை என மாறிற்று. அந்தப் பிரிவு மட்டும் இன்றும் பம்பாய்ப் பிரிவே.

இனிப் பெற்றோருக்குச் சில சொற்கள். அறிவியலில் தேறிய பிள்ளையை டி.எம்.எல்.டி. பட்டயத்திற்கோ, பட்டப் படிப்பிற்கோ அனுப்புங்கள். இத்துறையினரைப் பதிவு செய்து முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியுள்ளது. ஆதலின் அரசோ பல்கலைக்கழகமோ ஏற்காத சான்றிதழுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், மருத்துவமனையில் எத்தனை மாதம் பயிற்சி என்று கேளுங்கள். "படித்து முடித்ததும் சொந்தமாக லேப் வைத்துக் கையெழுத்திடலாம்" என்று ஆசை காட்டுவோரை நம்பாதீர்கள். நோயியலில் மேற்பட்டம் பெற்ற பதிவு மருத்துவரே அறிக்கையில் கையொப்பமிட வேண்டும் என 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா என்று சிலர் தயங்குகின்றனர். தாராளமாக அனுப்பலாம். ஆனால் பணியில் சேருமுன் மஞ்சட்காமாலை பி வகைக்கான தடுப்பூசி மூன்றும் போட்டிருத்தல் வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடும் பழக்கம், பையனாயினும் பெண்ணாயினும், ஒரு நாளும் வேண்டா.

நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே வாய்த்த ஒரு முதலும் உண்டு. மராத்தி, இந்தி, தமிழ் மூன்றும் தெருவிலேயே வந்துவிடுகின்றன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்த மூதாட்டி, ஊசியைக் கண்டு கையை இழுத்துக்கொள்கிறார். "உங்களுக்கு எந்த ஊர் ஆச்சி?" என்று கேட்டால் போதும். அவர் ஊரைச் சொல்லி, குளத்தைச் சொல்லி, கோயிலைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று குழாய்களும் நிறைந்துவிடுகின்றன.

பரிசளிப்புக்கு நேரமாயிற்று என்று செயலாளர் மணியைப் பார்க்கிறார். விழா முடிந்ததும் அரங்கின் பின்வாயிலில் ஒரு மணி நேரம் காத்திருப்போம். கற்க விரும்பும் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலுடன் வந்து பாருங்கள். பெற்றோரும் உடன் வாருங்கள்.