வார்டில் வேலை பார்ப்பவர்களின் உடல்நலம்

மருத்துவமனையில் சேர்ந்த ஒருவர் பிழைத்து வீடு திரும்ப என்னென்ன வேண்டும் என்று கேட்டால், நல்ல மருத்துவர், நல்ல மருந்து, நல்ல கருவி என்று சொல்வோம். அவரைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் அன்று எத்தனை படுக்கைகளுக்குப் பொறுப்பு, முந்தின நாள் தூங்கினாரா என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வராது. வந்தாக வேண்டும் என்பதே என் கட்சி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. அந்தச் செவிலியர் அடியோடு சோர்ந்துபோகும் வாய்ப்போ 23 சதவீதம் கூடியிருந்தது. ஒரே வேலைப்பளுதான் இருவரையும் தாக்குகிறது.

உடலுக்கு நேரும் ஆபத்துகளில் ஊசிக் குத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உலகில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்கு இப்படி ரத்தவழித் தொற்றின் ஆபத்து நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் 2002இல் மதிப்பிட்டது. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம், எச்.ஐ.வி.க்கு அது 0.3 சதவீதம்தான். நாம் அஞ்சுவது ஒன்று, அடிக்கடி தாக்குவது இன்னொன்று. ஊசியே போடாத தூய்மைப் பணியாளரும் குப்பைப் பையைத் தூக்கும்போது குத்துப்படுகிறார். ‘கவனமாக இருங்கள்’ என்று அவரிடம் சொல்லி என்ன பயன்? வேலையில் சேரும் அன்றே தடுப்பூசி, படுக்கைக்குப் பக்கத்திலேயே துளைபடாத பெட்டி, குத்துப்பட்டதைச் சொன்னால் திட்டு விழாத நிர்வாகம் ஆகிய மூன்றும்தான் அவரைக் காக்கும்.

‘இதற்கெல்லாம் பணம் எங்கே?’ என்பார்கள். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் 27 அரசு மருத்துவமனைகளில், பகலில் நான்கு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று வரம்பு வகுத்தது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். மறுபடி வந்து சேர்வோர் மற்ற மருத்துவமனைகளில் கூடியபோதும் இவற்றில் கூடவில்லை. கூடுதல் செவிலியர்களுக்கு ஆன செலவைப்போல இரு மடங்குக்கு மேல் மிச்சமானது என 2021இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு கணக்குக் காட்டியது. அந்த நாட்டுச் சம்பளக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் நம் அரசு மருத்துவமனைகளில் காலியாகும் ஒவ்வொரு படுக்கைக்கும் ஒருவர் காத்திருக்கிறார் என்பதால், சீக்கிரம் வீடு திரும்புவதன் மதிப்பு இங்கே இன்னும் அதிகம்.

பணி நேரத்தைக் குறைப்பது பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 24 மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து டூட்டி பார்த்த பயிற்சி மருத்துவர்கள், குறுகிய ஷிப்டில் வேலை செய்தபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடும் தவறுகள் செய்ததாக 2004இல் தெரிந்தது. ஷிப்ட் குறுகினால், நோயாளிகளை அடுத்த ஷிப்டாரிடம் ஒப்படைக்கும் கைமாறுதல் கூடும், அதிலும் தவறு நேருமே என்று மூத்த மருத்துவர்கள் கேட்டார்கள். பிற்பாடு நடந்த பெரிய ஆய்வுகளில், நேரக் கட்டுப்பாட்டால் மட்டும் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கைமாற்றும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒழுங்கு வகுத்துப் பழக்கிய ஒன்பது மருத்துவமனைகளில் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததை 2014இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே ஓய்வும் வேண்டும், ஒழுங்கான கைமாறுதலும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது சரியல்ல.

ஆள் பற்றாக்குறையை அப்படியே விட்டுவிட்டு ஞாயிறு காலையில் யோகா வகுப்பு வைக்கும் நிர்வாகங்களும் உண்டு. அது இருக்கிற ஒரு விடுமுறையையும் பிடுங்குவது. சேவைக்கு வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டாமா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பொறுத்துக்கொள்பவரின் சோர்வு உங்கள் வீட்டு நோயாளியின் மருந்தளவில்தான் போய்ச் சேரும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, அறை வாடகையைக் கேட்கும் அதே வாயால், இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்றும் கேளுங்கள்.