கத்தியும் காட்சியும்



ஒரு கத்தி நல்ல கத்தியா என்பதை எவ்வாறு அறிவது? கேள்வி எளியது. வீட்டில் அன்னையாரைக் கேட்டால், "நாலு நாள் காய் நறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று விடை வரும். ஆனால் கத்தியை விற்பவருக்கு நாலு நாள் காத்திருக்க இயலாது. சில நிமிடங்களுக்குள் அவர் நம்மை நம்ப வைத்தாக வேண்டும். ஆகவே, கத்தி நாள்தோறும் செய்யவேண்டிய வேலையை விட்டுவிட்டு, அது ஒருநாளும் செய்யத் தேவையில்லாத வேலையை அவர் செய்து காட்டுகிறார். இந்த வழக்கத்தைப் பற்றி இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு, 'கின்சு' என்னும் சமையற்கத்தி தொலைக்காட்சி விளம்பரத்தின் வாயிலாக விற்பனைக்கு வந்தது. பெயரைக் கேட்டால் ஜப்பானில் பிறந்த பொருள் என்று தோன்றும். கத்தி பிறந்ததோ அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில். அந்த விளம்பரத்தில் ஒருவர் வெறுங்கையால் மரப்பலகையை ஓங்கி அடித்து உடைப்பார். அதே கை தக்காளியின்மீது விழுந்தால் தக்காளி நசுங்கிப் போகும். அதன் பிறகு கத்தி வரும். அது ஒரு தகர டப்பாவை அறுக்கும்; அறுத்த கையோடு ஒரு தக்காளியை மெல்லிய வில்லைகளாக நறுக்கும். கண்டவர்கள் வியந்தார்கள். கத்திகள் இலட்சக்கணக்கில் விற்றன.

இவ்வழக்கம் கின்சுவோடு தொடங்கியதன்று. ஹாய்ட் பக் என்னும் கொல்லர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிய தொழில், பின்னர் 'பக்' கத்தி நிறுவனமாக வளர்ந்தது. கத்தியின் முதுகில் சுத்தியலால் அடித்து, போல்ட்டு எனப்படும் மரையாணியை இரண்டாக வெட்டிக் காட்டுவது அந்நிறுவனத்தார் கையாண்ட முறை. சுத்தியல், கத்தி, மரையாணி ஆகிய மூன்றும் அமைந்த சித்திரமே அவர்களுடைய இலச்சினையும் ஆயிற்று. 1980இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற 'கோல்டு ஸ்டீல்' நிறுவனம் இதனை இன்னும் பல படிகள் உயர்த்தியது. அவர்கள் எடுத்த படங்களில் கத்தி மோட்டார்க் காரின் தகட்டைக் குத்தித் துளைக்கும். தொங்கும் தடித்த கயிற்றை ஒரே வீச்சில் அறுக்கும். மடக்குக் கத்தியின் பூட்டு எவ்வளவு உறுதியானது என்று காட்ட, அதன் கைப்பிடியில் கனத்த எடைகளைத் தொங்கவிடுவார்கள். கட்கோ என்னும் மற்றொரு நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வீடுகளுக்கே சென்று, கத்தரிக்கோலால் ஒரு சென்ட் நாணயத்தை வெட்டிக் காட்டுவார்கள்.

இவையெல்லாம் பொய்யோ என்று நீங்கள் கேட்கலாம். பொய் அல்ல. கத்தி டப்பாவை அறுத்தது உண்மை. நாணயம் துண்டானதும் உண்மை. கண்ணால் கண்டதில் பிழை இல்லை. கண்டதிலிருந்து நாம் எதனை முடிவு செய்கிறோம் என்பதில்தான் பிழை நேர்கிறது.

முதலில் தகர டப்பாவை எடுத்துக்கொள்வோம். டப்பாவின் தகடு மிக மெல்லியது. கத்தியின் எஃகை நோக்க மென்மையானது. மேலும், அந்தக் கத்தியின் விளிம்பு ரம்பத்தைப் போலப் பற்கள் உடையது. கடினமான பொருளை அறுக்கும்போது பற்களின் நுனிகளே அதனோடு உராய்கின்றன. பற்களுக்கு இடையே உள்ள பள்ளங்கள் பெரும்பாலும் உராய்வுக்குத் தப்பி, தம் கூர்மையைக் காத்துக்கொள்கின்றன. பிறகு தக்காளியின் தோலைக் கிழிப்பதற்கு அந்தக் கூர்மை போதும். ஆகவே டப்பாவும் தக்காளியும் காட்டியது பல் வைத்த விளிம்பின் இயல்பை. விலை குறைந்த வேறொரு பல் வைத்த கத்தியும் ஏறத்தாழ இதனைச் செய்துவிடும். ஆனால் அந்த வேறொரு கத்தி மேடைக்கு அழைக்கப்படவில்லை.

நாணயத்தின் கதையும் இத்தகையதே. அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயம் 1982ஆம் ஆண்டிலிருந்து செம்பு முலாம் பூசிய துத்தநாகத்தால் அடிக்கப்பட்டது. துத்தநாகம் எஃகைவிட மிகவும் மென்மையானது. மரையாணியும் பெரும்பாலும் மென்மையான இரும்பு வகையால் ஆனதே. கொல்லுப் பட்டறையில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து இரும்பு வெட்டுவதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். மரையாணியை வெட்டிய கத்தி அந்த உளியின் வேலையைச் செய்தது. அதிலிருந்து நாம் அறியத்தக்க உண்மை ஒன்று உண்டு. கத்தியின் விளிம்பு ஆணியைவிடக் கடினமானது. அடி தாங்காமல் பொடியாகிவிடும் அளவுக்கு நொறுங்கும் இயல்புடையதும் அன்று. இதுவும் பயனுள்ள செய்தியே. ஆனால் காய் நறுக்கினால் எத்தனை நாள் கூர்மை நிற்கும் என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை.

நான் வகுப்பில் இதனை விளக்குவதற்கு ஒரு சுண்ணக்கட்டியையும் ஓர் ஈயக்கம்பியையும் எடுத்துச் செல்வது வழக்கம். கம்பியை வளைத்தால் வளையும், முறியாது. சுண்ணக்கட்டி வளையாது, படக்கென்று முறியும். ஆனால் கட்டியின் முனையால் கம்பியைத் தேய்த்தால் எது எதனைக் கீறும் என்று பார்க்கச் சொன்னால், மாணவர்கள் குழம்புவார்கள். கடினமாக இருப்பது வேறு, முறியாமல் இருப்பது வேறு என்பது அந்தக் குழப்பத்திலிருந்தே அவர்களுக்குப் புலனாகும். கண்ணாடி ஈயத்தைக் கீறும்; ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடிதான் உடையும்.

இவ்விரு பண்புகளையும் அளக்கத் தனித்தனிக் கருவிகள் உண்டு. ராக்வெல் என்னும் பெயருடைய அமெரிக்கர் இருவருக்கு 1919இல் காப்புரிமை கிடைத்த கருவி, கடினத்தை அளக்கிறது. அம்முறையில் எஃகை அளக்கும்போது, வைரத்தாலான கூம்பு ஒன்றை 150 கிலோ பளுவோடு எஃகின்மீது அழுத்திப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்க்கிறார்கள். ஜெர்மானியச் சமையற்கத்திகள் பல இந்த அளவையில் 56 முதல் 58 வரை நிற்கும். ஜப்பானியக் கத்திகள் பல 60ஐத் தாண்டும். முறியாத திறனை அளக்கும் கருவிக்கு, பிரெஞ்சு அறிஞர் ஷார்ப்பியின் பெயர் வழங்குகிறது. கனத்த சம்மட்டி ஒன்று ஊசலைப் போல் ஆடிவந்து, எஃகுத் துண்டை முறித்துவிட்டு மறுபக்கம் எழும். அது குறைவாக எழுந்தால், துண்டு முறியுமுன் மிகுந்த ஆற்றலைத் தாங்கியது என்பது பொருள்.

ஒரே எஃகில் இவ்விரண்டையும் நிறைவாகப் பெறுவது அரிது. கொல்லர் எஃகைச் செந்தணலாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால், அது மிகக் கடினமாகும். உடன் நொறுங்கும் இயல்பும் வந்து சேரும். பின்னர் அதனை இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்துவார். அப்போது கடினத்தில் சிறிது குறையும். முறியாத திறன் மிகும். எவ்வளவு விட்டுக்கொடுத்து எவ்வளவு பெறுவது என்பதிலேதான் தொழிலின் நுட்பம் அடங்கியிருக்கிறது. கத்தி எந்த வேலைக்கு என்று தெரியாமல் அந்த அளவை யாராலும் முடிவு செய்ய இயலாது.

கத்தியை உறுதியாகக் காட்டுவதற்கு எளிய வழி மற்றொன்றும் உண்டு. அலகைத் தடிப்பாக்கினால் போதும். தடிப்பை இரட்டிப்பாக்கினால், வளைவதை எதிர்க்கும் விறைப்பு 8 மடங்காகிறது. கார்க் கதவைக் குத்துவதற்கு அது மிகவும் உதவும். ஆனால் அந்தக் கத்தியால் ஒரு காரட்டை நறுக்கிப் பாருங்கள். கத்தி உள்ளே இறங்க இறங்க ஆப்பு வைத்ததுபோல் காரட் பிளந்து தெறிக்கும். காட்சியில் வெல்லும் கத்தி சமையலறையில் தோற்பது இப்படித்தான். வாங்கியவரோ, தமக்குத் தேவையில்லாத ஒரு வலிமைக்கு விலை கொடுத்து, தேவையான கூர்மையை இழந்துவிடுகிறார்.

இங்கே இன்னொரு செய்தியையும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கத்தி நிறுவனங்கள் பல தரும் உத்தரவாதச் சீட்டைப் படித்துப் பாருங்கள். கத்தியைச் சுத்தியலாகவோ உளியாகவோ நெம்புகோலாகவோ பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்னும் கருத்தில் ஒரு விதி காணப்படும். மேடையில் எதனைச் செய்து காட்டிப் பாராட்டுப் பெறுகிறார்களோ, அதனைச் செய்யாதே என்று சீட்டு சொல்கிறது. சீட்டு சொல்வதே அறிவுடைமை. கத்தியைச் சுத்தியலால் அடித்தால் எஃகுச் சில்லு தெறித்துக் கண்ணைப் போக்கிவிடலாம். இத்தகைய காட்சிகளைக் கண்டு ஆவல் கொள்ளும் இளைஞர்கள் இதனை மறத்தல் ஆகாது.

அப்படியானால் செய்து காட்டுவதெல்லாம் வீண்தானா? அன்று. நேர்மையான சோதனைகளும் உண்டு. அமெரிக்கக் கத்திக் கொல்லர்களின் சங்கம் ஒன்று 1976இல் தொடங்கப்பட்டது. அதன் முதல்படித் தேர்வுக்கு வரும் கொல்லர், தாமே அடித்த ஒரு கத்தியைக் கொண்டுவர வேண்டும். மூத்த கொல்லர் ஒருவரின் முன்னிலையில், ஓர் அங்குலத் தடிப்புள்ள தொங்கும் கயிற்றை அதனால் ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். அடுத்து, கட்டட வேலைக்குரிய மரச்சட்டம் ஒன்றை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பின்னும் அதே விளிம்பு கைம்மயிரை மழிக்க வேண்டும். இறுதியில் அதே கத்தியை வைஸில் இறுகப் பிடித்து 90 பாகை வளைப்பார்கள். விளிம்பில் ஓரளவு விரிசல் காணலாம். கத்தி ஒடிந்துவிடக் கூடாது.

இதுவும் கடுமையான காட்சிதான். எனினும் வேறுபாடு எங்கே என்று பாருங்கள். கேள்வியைத் தேர்வு எழுதுபவர் வகுக்கவில்லை, சங்கம் வகுத்திருக்கிறது. எல்லா வேலையையும் ஒரே கத்தி செய்தாக வேண்டும். கடினம், கூர்மை, முறியாமை ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படுகின்றன. தோற்றுப் போவதற்கும் இடம் இருக்கிறது. வளைந்த கத்தி அதோடு அழிந்துவிடுகிறது. சோதிக்கப்பட்டது கொல்லரின் கைத்திறன்.

பன்னாட்டுத் தர அமைப்பின் மற்றொரு சோதனை இன்னும் அமைதியானது. சிலிக்கா கலந்த அட்டைகளை ஓர் இயந்திரம் கத்தியால் அறுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு அட்டை அறுபட்டது என்று கணக்கிட்டு, தொடக்கக் கூர்மை எவ்வளவு, அது எவ்வளவு காலம் நிலைத்தது என்று அறிவார்கள். எல்லாக் கத்திகளுக்கும் அதே அட்டை, அதே பளு. இதைக் கண்டு கைதட்டுவார் இல்லை. ஆயினும் "நாலு நாள் நறுக்கிப் பார்" என்ற அன்னையாரின் சொல்லுக்கு அண்மையில் நிற்பது இச்சோதனையே.

விற்பவர்களை மட்டும் குறை கூறி நான் விலகிக்கொண்டால் அது நேர்மை ஆகாது. நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, கல்வி அலுவலர் ஒருவர் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். மிதத்தல் விதியைப் பாடமாக வைத்துக்கொண்டு, ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தினேன். எந்தக் கேள்விக்கு எவன் எழுந்து விடை சொல்வது என்பதுவரை முடிவு செய்து வைத்திருந்தேன். பாடம் சிறப்பாக நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் மணிமணியாக விடை வந்தது.

பாடம் முடிந்ததும் அலுவலர் எழுந்து கடைசி வரிசைக்குச் சென்றார். அங்கிருந்த ஒரு சிறுவனின் தோளில் கைவைத்து, "தம்பி, ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறதே, ஏன்?" என்று கேட்டார். அவன் எழுந்து நின்றான். விடை தெரியவில்லை. தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தான். அலுவலர் அவனை அன்போடு உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் ஒன்றும் கூறாமலே சென்றார். அன்று அந்தச் சிறுவன் பட்ட நாணம் என்னால் நேர்ந்தது. ஒரு வாரமாக நான் காட்சிக்கு ஆயத்தம் செய்தேன். அவனுக்குப் பாடம் சொல்லவில்லை. என் மரையாணியை நானே தேர்ந்தெடுத்துக்கொண்டேன் என்று இன்று எண்ணிப் பார்க்கிறேன். மறுநாள் அவன் அருகில் அமர்ந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன்.

மாணவர்களே! கத்தி வாங்கும் நாள் உங்கள் வாழ்வில் எப்போதோ ஒருமுறை வரும். ஆனால் வியக்கத்தக்க ஒன்றைக் காட்டி, "இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?" என்று கேட்பவர்களை நீங்கள் நாள்தோறும் சந்திப்பீர்கள். அப்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்தவர் யார்? சாதாரணமான வேறொன்றும் இதனைச் செய்துவிடுமா? தோற்றவற்றையும் நமக்குக் காட்டினார்களா? எனக்கு வேண்டிய வேலை இதுதானா? இந்த நான்குக்கும் நிறைவான விடை கிடைத்தால் மனமார நம்புங்கள். கிடைக்காவிட்டால் கைதட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்புங்கள். பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

தேர்வு எழுதும்போதும் இதனை நினைவில் வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த கேள்வியே வந்துவிட்டால் மகிழ்ச்சிதான். கடைசி வரிசையில் வந்து தோளைத் தொட்டுக் கேட்கப்படும் கேள்விக்கு விடை சொல்லும்படி படித்திருக்கிறோமா என்பதை, தேர்வு முடிந்த பிறகேனும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.