வண்டி எங்கே வருகிறது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மேடையேறிப் பேசும் பழக்கம் எனக்கில்லை. பள்ளியிறுதி வரை படித்து, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். ஏதேனும் இலக்கியம் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் அறிந்தது வண்டி ஒன்றே. ஆகவே வண்டியைப் பற்றிப் பேச அனுமதி பெற்றேன். ரயில் வண்டி அன்று; பஸ் வண்டி.

சென்ற ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர் காண என் தாயாரை அழைத்துச் சென்றேன். மூன்றாம் நாள் மாலை தேர்கள் ஒன்றுகூடுவதைக் கண்குளிரக் கண்டு, ஒலவக்கோட்டுக் காலனிக்குத் திரும்பப் பஸ்ஸுக்காக நின்றோம். அன்னைக்கு எழுபத்தாறு வயது. முழங்கால் வலி வேறு. ஐம்பது நிமிஷம் நின்றோம். "இதோ வரும், இதோ வரும்" என்று அதற்குள் நான் கூறிய பொய்கள் எத்தனை! கூட்டத்தின் காரணமாக அந்த பஸ் வேறு சாலையில் திருப்பிவிடப்பட்டது என்பது பின்னரே தெரிந்தது. வராது என்று ஒரு சொல் கிடைத்திருந்தால் ஆட்டோ அமர்த்திக்கொண்டு போயிருப்போம். பஸ் வராதது அன்று என் குறை. அது வராது என்பதை அறிந்தவர் எங்கோ இருக்க, நின்றவர் அறியாதிருந்தாரே, அதுவே என் குறை.

எங்கள் ரயில்வேயில், பொதுவாக அடுத்த ஸ்டேஷனிடம் 'லைன் கிளியர்' பெறாமல் வண்டியை அனுப்புவதில்லை. வந்த நிமிஷமும் புறப்பட்ட நிமிஷமும் பதிவேட்டில் ஏறும். வண்டி எங்கே என்பது எங்களுக்கு என்றும் தெரியும். ஆனால் உண்மையை ஒளிப்பானேன்? பிளாட்பாரத்தில் மூட்டையும் குழந்தையுமாக நிற்பவருக்கு அது நெடுங்காலம் தெரிந்ததில்லை. கரும்பலகையில் ஒருவர் சுண்ணக்கட்டியால் எழுதினால் உண்டு. அவர் அழிக்க மறந்தால் நேற்றைய தாமதமே இன்றைக்கும் நிற்கும்! இப்பொழுது இஸ்ரோவின் துணையோடு பல எஞ்சின்களில் பொருத்தப்பட்ட கருவி, 30 விநாடிக்கு ஒருமுறை இருப்பிடத்தைச் சொல்லுகிறது. பிரயாணிகளும் கைப்பேசியில் வண்டியின் நிலையைக் காண்கிறார்கள்.

பஸ்ஸிலும் இதே வித்தைதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் இடைவிடாது நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பஸ்ஸிலுள்ள சிறு பெட்டி, குறைந்தது நான்கு துணைக்கோள்களின் செய்தி தன்னை வந்தடைய எடுத்த காலத்தைக் கணக்கிட்டு, தான் இருக்குமிடத்தை அறிகிறது. அதைச் சிம் கார்டு வழியே தலைமையிடத்துக்கு அனுப்புகிறது. அங்குள்ள கணிப்பொறி, இன்ன நிறுத்தத்துக்கு இத்தனை நிமிஷத்தில் வரும் என மதிப்பிடுகிறது.

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிப்படி, 2019 ஜனவரி முதல் பதிவாகும் பயணிகள் பஸ்களில் இக்கருவியும், ஆபத்தில் அழுத்தும் பொத்தானும் இருத்தல் வேண்டும். பெண்களின் பாதுகாப்பே முதல் நோக்கம், நல்ல நோக்கம். ஆயினும் பெட்டி சொல்லும் செய்தி அதிகாரிகளோடும் முதலாளிகளோடும் நின்றுவிட்டால், எங்கள் பழைய பிளாட்பாரக் கதைதான் அங்கும்.

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2022 மே மாதத்தில் 'சென்னை பஸ்' என்னும் செயலியை வெளியிட்டு அச்செய்தியை மக்களுக்குத் திறந்துவிட்டது. அங்கே படிக்கும் என் மைத்துனர் மகள், அதைப் பார்த்த பிறகே மாடியிலிருந்து இறங்குகிறாள். இதனால் பஸ் விரைந்து வந்துவிடுமா என்று கேட்பீர்கள். வராது. ஆனால் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள்: செய்தி அறியாது காத்திருப்பவர், உண்மையில் நின்றதைவிட அதிக நேரம் நின்றதாக எண்ணுகிறார், அறிந்தவர் அவ்வாறு எண்ணுவதில்லை. கல்பாத்தியில் நின்ற எனக்கு இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை!

குறையும் உண்டு. செயலியில் வந்துகொண்டே இருந்து, சாலையில் வராத பஸ்கள் உண்டு. கருவி பழுதானபோது கால அட்டவணையைப் பார்த்து ஒரு நிமிஷக் கணக்கைக் காட்டுவது நேற்றைய சுண்ணக்கட்டி எழுத்துக்கு ஒப்பாகும். தெரியாதபோது 'தெரியவில்லை' என்றே காட்டட்டும். நாங்கள் நடந்து போய்க்கொள்கிறோம்.

மற்றொன்று. என் தாயாரிடம் இத்தகைய கைப்பேசி இல்லை. இங்குள்ள பல தாய்மார்களிடமும் இல்லை. லண்டன் மாநகரில் 1992ஆம் ஆண்டிலேயே, அடுத்த பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்பதை நிறுத்தத்திலேயே காட்டும் பலகையைச் சோதனையாக வைத்தார்கள். அதற்கு எவர் கையிலும் எதுவும் வேண்டுவதில்லை. கண் இருந்தால் போதும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பாலக்காடு ஜங்ஷன் வாயிலிலுள்ள பஸ் நிறுத்தத்தில் அத்தகைய பலகை ஒன்று மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அமைய, நம் சங்கத்தின் பெயரால் போக்குவரத்து அதிகாரிகளுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். தேர்த் திருவிழா நாட்களில் பஸ்கள் திரும்பிச் செல்லும் வழியையும் அதில் காட்டக் கேட்போம். விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வாயிலருகே மேஜைமீது இருக்கிறது. கையொப்பமிட்டுச் செல்லுங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது. அலுவலகப் பழக்கம், மன்னிக்கவும்.