வானத்துக் கேமராவும் நம்மூர் ட்ரோனும்
(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்யாணம், காதுகுத்து என்றால் இப்போது நம்மூரில் ட்ரோன் பறக்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில் விபத்து என்றாலும், பட்டாசு ஆலைப் பக்கம் புகை எழுந்தாலும் அதே ட்ரோனைத் தூக்கிக்கொண்டு பையன்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள்.

வானத்திலிருந்து செய்தி காட்டுவது பழைய தொழில். 1958லேயே லாஸ் ஏஞ்சலிஸின் கே.டி.எல்.ஏ. தொலைக்காட்சி ஹெலிகாப்டரில் கேமராவைப் பொருத்தி நேரலை காட்டியது. எந்த ரோட்டில் நெரிசல் என்று மேலிருந்து பார்த்துச் சொல்வது அங்கே அன்றாட வேலை. ஆட்டம் தெரியாமல் படம் பிடிக்கும் கேமரா, படத்தைக் கோபுரத்துக்கு அனுப்பும் கருவி எல்லாம் ஹெலிகாப்டரிலேயே இருக்கும். நம் சேனல்களுக்கு அந்தச் செலவு கட்டாது. ட்ரோன்தான் நம்மூர் ஹெலிகாப்டர்.

இத்தனை பழகியவர்களுக்கே என்ன ஆனது பாருங்கள். 2007 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகரில் போலீஸ் ஒரு வண்டியைத் துரத்தியது. அதைக் காட்டப் போன இரண்டு செய்தி ஹெலிகாப்டர்கள் மோதி நான்கு பேர் இறந்தார்கள். அந்த விமானிகள் ஓட்டிக்கொண்டே வர்ணனையும் சொன்னவர்கள். 1998ல் லாஸ் ஏஞ்சலிஸ் சாலையில் ஒருவர் தன்னைச் சுட்டுக்கொண்டது, குழந்தைகள் நிகழ்ச்சியை நிறுத்திப் போட்ட நேரலையில் அப்படியே வீட்டுக்குள் வந்தது.

நம் நாட்டுக் கதை இன்னும் நெருக்கமானது. 2008 நவம்பரில் மும்பை நாரிமன் இல்ல மொட்டைமாடியில் ஹெலிகாப்டரிலிருந்து கமாண்டோக்கள் இறங்கியதை சேனல்கள் நேரலையில் காட்டின. உள்ளே இருந்தவர்களுக்கு வெளியிலிருந்து போனில் கட்டளை போய்க்கொண்டிருந்த நேரம் அது. 2012ல் உச்ச நீதிமன்றம் அந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. 2015லிருந்து பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் போடலாம் என்று விதியே வந்துவிட்டது.

சேனலுக்கு விதி இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்புக்கு? 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சன்குளம் ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் போனார்கள். அந்த மாதிரி நாளில், வேலைக்குப் போன மகள் எங்கே என்று தேடும் தாயின் போனுக்கு முதலில் எது வர வேண்டும், மேலிருந்து எடுத்த படமா?

இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில் பயணிகளுக்கு ஹெலிகாப்டரில்தான் சாப்பாடு போனது. 400 அடிக்குள் பறக்கலாம் என்ற விதியைச் சொல்லி அந்த நேரத்தில் அங்கே ட்ரோனை ஏற்றக் கூடாது. மீட்பு ஹெலிகாப்டரும் அந்த உயரத்துக்குத்தான் இறங்கி வரும்.

வானம் பார்த்த பூமி நம்முடையது. பெய்தால் கண்மாய்க் கரைதான் கவலை. ட்ரோன் வைத்திருக்கும் தம்பிகள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அடைமழை நாளில் கரையைச் சுற்றிப் பார்த்து, அரிப்பு தெரிந்தால் படத்தை முதலில் தாலுகா ஆபீசுக்கு அனுப்புங்கள். குரூப்புக்கு மறுநாள் போடலாம்.