பேங்க் வேலைக்கு வாலிபால் போதுமா?

குமணன்சாவடியிலிருந்து பேசுறேன். நடுநடுவுல ஹாரன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, டிரங்க் ரோடு பக்கத்துல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றவனுக்கு வேற வழியில்ல.

ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பூந்தமல்லி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், அண்ணா யூனிவர்சிட்டி கீழ வர்றது, மூணாவது வருஷம். வாலிபால்ல செட்டர். சி.ஜி.பி.ஏ. 6.8. "அமெரிக்காவுல பெரிய காலேஜ்ல விளையாடுற பசங்களை ஃபைனான்ஸ் கம்பெனிங்க கொத்திக்கிட்டுப் போகுதாம். நமக்கு அப்படி ஏதாவது இருக்காண்ணா? வீட்டுல பந்தைத் தூக்கிப் போட்டுட்டுப் படிக்கச் சொல்றாங்க." இதுதான் கேள்வி.

முதல்ல அமெரிக்கா விஷயம். அது வெறும் ரீல்ஸ் கதை இல்ல. ஹார்வர்டு பேராசிரியர் பால் கோம்பர்ஸும் இன்னும் சிலரும் 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மாதிரியான ஐவி லீக் காலேஜ்கள்ல 1970 முதல் 2021 வரை டீம்ல ஆடினவங்களை, அதே காலேஜ்ல படிச்சு ஆடாதவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ஆடினவங்க ஃபைனான்ஸ், பிசினஸ் பக்கம் அதிகமா போறாங்க, எம்.பி.ஏ. அதிகமா படிக்கிறாங்க, மொத்தத்துல அதிகமா சம்பாதிக்கிறாங்க. டாக்டர், பிஎச்.டி. பக்கம் போறது குறைவு. ஒரே காலேஜுக்குள்ள ஒப்பிட்டதால, 'ஹார்வர்டு பேருக்குத்தான் வேலை கிடைச்சுது'ன்னு தள்ளிவிட முடியாது.

ஆனா அந்த டீம்ல யார் இருக்காங்கன்னு பாருங்க. ஐவி லீக் 1954 ஒப்பந்தத்துலயே விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. படகு ஓட்டுறது, ஸ்குவாஷ், லக்ராஸ் எல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைங்க சின்ன வயசுலேர்ந்து காசு கட்டிக் கத்துக்கிற ஆட்டம். அதே டீம்ல இருபது வருஷம் முன்னாடி ஆடினவர் இன்னிக்கு ஏதோ ஒரு வங்கியில பெரிய பதவியில இருப்பார். ஒரு போன் போதும். நம்ம ஊர்ல வாலிபால் கோர்ட்டுல நிக்கிறவன் அப்பா பெரும்பாலும் டிரைவர், ஃபிட்டர், ஆவடி ஃபேக்டரி தொழிலாளி. அந்த போன் இங்க இல்ல. போரூர் தாண்டி டி.எல்.எஃப்.ல இருக்கிற கம்பெனிக்கு கேம்பஸ்ல ஆள் எடுக்கும்போது, எனக்குத் தெரிஞ்ச வரை, முதல் வடிகட்டி சி.ஜி.பி.ஏ.தான். கேப்டனா இருந்தியான்னு கேட்கிறது அதுக்கப்புறம்.

நம்மகிட்ட இருக்கிறது வேற ஒரு கதவு: அரசு வங்கிகளோட ஸ்போர்ட்ஸ் கோட்டா. அஜித் வடேகர் 1971-ல வெஸ்ட் இண்டீஸ்லயும் இங்கிலாந்துலயும் தொடரை ஜெயிச்ச கேப்டன். சோறு போட்டது ஸ்டேட் பேங்க் வேலை. சென்னையில இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி. ரெண்டும் சொந்தமா டீம் வெச்சு வளர்த்தாங்க. இந்தியன் பேங்க் ஃபுட்பால் டீம் தேசிய லீக் வரைக்கும் போச்சு. அதுல ஆடின சபீர் பாஷா பின்னாடி சென்னையின் எஃப்.சி.யில உதவிப் பயிற்சியாளர் ஆனார். ஐ.ஐ.டி. மெட்ராஸ்கூட 2024-25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்புலயும் விளையாட்டு வீரர்களுக்கு ரெண்டு கூடுதல் இடம் வெச்சிருக்கு. ஆனா ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்கணும்.

இப்போ தம்பி, கவனமா கேளுங்க, இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. உங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்கிற மெடல் எல்லாம் கணக்குல வராது. மத்திய அரசு விதிப்படி, காலேஜ் அளவுல செல்லுபடியாகிறது யூனிவர்சிட்டி டீமுக்காக இன்டர்-யூனிவர்சிட்டி போட்டியில ஆடினதுதான். ஜோனல்ல உங்க காலேஜ் கப் அடிச்சது சந்தோஷம், ஆனா கோட்டாவுக்கு அது போதாது. இன்டர்-யூனிவர்சிட்டி ஆடினா 'படிவம் 3', அதுல யூனிவர்சிட்டி விளையாட்டு இயக்குநர் கையெழுத்து போடணும். மாநில அணிக்காக தேசியப் போட்டி ஆடியிருந்தா 'படிவம் 2', மாநில சங்கச் செயலாளர் கையெழுத்து. சங்கத்துக்கு அங்கீகாரம் இருக்கான்னு முதல்லயே விசாரிங்க. காசு கட்டினா 'நேஷனல்' சர்டிஃபிகேட் தர்ற அமைப்புகள் ஊருக்கு நாலு இருக்கு.

இன்னொண்ணு. எந்த ஆட்டத்துக்கு ஆள் எடுக்கிறோம்னு வங்கி அறிவிப்புலயே போட்டிருப்பாங்க. வாலிபால் இல்லைன்னா அந்த முறை உங்களுக்குக் கதவு சாத்தினதுதான். இடங்களும் கை விரல் கணக்குலதான் இருக்கும்.

சேர்ந்த பிறகு? டீம்ல இருக்கிற வரைக்கும் பிராக்டிஸ், டோர்னமென்ட், லீவ் எல்லாம் கிடைக்கும். முட்டி போனதும் கவுன்ட்டருக்கு வரணும். அதுக்குள்ள கூடச் சேர்ந்தவங்க ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. எழுதி முடிச்சு மேல போயிருப்பாங்க. ஆடுற காலத்துலயே அந்தப் பரீட்சைகளை எழுதினவர் தப்பிச்சார். இதை யாரும் கோட்டாவுல சேரும்போது சொல்றதில்ல, அதான் எனக்குக் கோபம்.

அதனால என் பதில் இதுதான் தம்பி. பந்தை இப்போ போடாதீங்க. உங்களுக்கு இன்னும் ஒரு யூனிவர்சிட்டி செலக்‌ஷன் மிச்சம் இருக்கு. அண்ணா யூனிவர்சிட்டி டீம்ல இடம் கிடைச்சு இன்டர்-யூனிவர்சிட்டி ஆடிட்டீங்கன்னா படிவத்தை அந்த வருஷமே வாங்கிடுங்க, பாஸ் அவுட் ஆன பிறகு அலையாதீங்க. கூடவே ஐ.பி.பி.எஸ். தேர்வுக்குத் தயாராகுங்க. அங்க டிகிரி இருந்தா போதும், உங்க 6.8-ஐ யாரும் கேட்க மாட்டாங்க. டீம்ல இடம் கிடைக்கலைன்னா, சாயங்காலம் ஆடுங்க, காலையில குவான்ட் போடுங்க. அப்பாகிட்ட இந்த எபிசோடைப் போட்டுக் காட்டுங்க. அவருக்கு வேற கேள்வி இருந்தா அவரையே வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்க, அடுத்த வாரம் அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.